பதிமூன்று வாரம் அவர் என்ன சாப்பிட்டார்?

ஆலப்புழைப் படகுத்துறைக்கு எதிரே இருபத்திரண்டு வருடமாகத் தட்டச்சு நிலையம் நடத்துகிறேன். இந்த ஊரிலிருந்து அரசாங்கத்துக்குப் போகும் மனுக்களில் பாதி என் விரல் வழியாகத்தான் போகின்றன. எதற்குமே பதில் வந்ததில்லை என்று சொல்ல முடியாது. பைலியின் கடிதத்துக்கு வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

பைலி பயணிகள் படகில் சிராங்கு, அதாவது சுக்கான் பிடிப்பவன். முப்பது வருடத்தில் ஒரு தடவைகூடப் படகைக் கரையில் மோதியதில்லை. பொய் சொல்வதில் மட்டும் அவனுக்குக் கை சரியாக வராது. கள்ளை விட்டுவிட்டேன் என்று எடத்துவா தேவாலயத்துப் புண்ணியவாளன், அதாவது புனிதர், மேல் ஆணையிட்ட மூன்றாம் நாள், அவன் கள்ளுக்கடையை விட்டு வெளியே வரும்போது மனைவி ஏலியாம்மா எதிரே மீன் பேரம் பேசிக்கொண்டு நின்றாள். அடுத்த மாதம் மறுபடியும் அதே ஆணை, அதே கடை, அதே மீன்காரி. அன்றைக்கு ஏலியாம்மா சொன்னது படகுத்துறை முழுவதற்கும் தெரியும்.

“இச்சாயா, மூணாவதா ஒரு பொய் உங்க வாயிலேர்ந்து வந்துச்சுன்னா நான் சம்பக்குளத்துல எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் படகு அனுப்பினாலும் வர மாட்டேன்.”

அந்த வருடம் மலைநாடு தொலைக்காட்சிக் கழகம் ‘பதின்மூன்றாம் நிழல்’ என்று ஒரு விஞ்ஞான மர்மத் தொடர் போட்டது. புதன்கிழமை ஏழேகால் மணிக்கு ஊரே அடங்கிவிடும். மலைமேல் ஒரு நட்சத்திர ஆராய்ச்சி நிலையம். புரொபசர் ஈச்சர வாரியர் இரும்பு அறைக்குள் போகிறார், கதவு மூடிக்கொள்கிறது. உள்ளே யாருமில்லை என்று கருவிகள் சொல்கின்றன. ஆனால் வாராவாரம் அடிவாரத்தில் யாராவது அவரைப் பார்க்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் வயது குறைந்தவராக. பன்னிரண்டாம் வாரம் ஒரு பள்ளிக்கூட வரிசையில் சிலேட்டோடு நிற்கிறார். அதே நேரம் மலைமேல், இரும்பு அறைக்குள்ளிருந்து யாரோ மூன்று தடவை கதவைத் தட்டுகிறார்கள். இன்ஸ்பெக்டர் சுபத்ரா தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். தொடரும்.

ஏலியாம்மா பன்னிரண்டு வாரமும் கண் கொட்டாமல் பார்த்தவள். பதிமூன்றாவது வாரம் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். வார்டில் டிவி கிடையாது. “ஒரு வரி விடாம பார்த்துட்டு வந்து சொல்லணும், உங்களை நம்பித்தான் இருக்கேன்” என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். நம்பித்தான் என்ற வார்த்தையை அவள் எட்டு மாதம் கழித்து அன்றைக்குத்தான் பயன்படுத்தினாள் என்று பைலி என்னிடம் சொன்னபோது அவன் முகம் பள்ளிக்கூடப் பையன் முகம் மாதிரி இருந்தது.

புதன்கிழமை வந்தது. சுபத்ரா தாழ்ப்பாளில் கை வைத்தாள். கரண்ட் போயிற்று.

எங்கள் பகுதிக்கு அதுவரை எட்டு மணிக்கு மின்வெட்டு. அன்றுமுதல் ஏழரைக்கு மாற்றியிருந்தார்கள். மாற்றிய விவரம் மின்வாரிய அலுவலகத்தின் உள்பக்கச் சுவரில் ஒட்டப்பட்டிருந்ததாகப் பிறகு தெரிந்தது. இருட்டில் படகுத்துறை முழுவதும் ஒரே குரலில் “அய்யோ!” என்று கேட்டது. வீடியோ பதிவுக்கருவி வைத்திருந்த துபாய்க்காரர் ஒருவர் உண்டு. அவர் வீடும் எங்கள் தெருதான்.

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் பார்வை நேரம். காலையிலிருந்து பைலி தன் படகில் ஏறிய வெளியூர்க்காரர்கள் எல்லாரையும் கேட்டுப் பார்த்திருக்கிறான். இங்கேதான் உங்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் ஒருவனிடம் என்ன நடந்தது என்று கேட்டால் அதைப் பற்றி அவன் என்ன நினைக்கிறான் என்பதைத்தான் சொல்வான். கதை சொல்வது படிக்காதவன் வேலை. அபிப்பிராயம் சொல்வதுதான் கௌரவம்.

செர்த்தலையிலிருந்து வந்த நர்ஸ் ஒருத்தி பார்த்திருக்கிறாள்.

“முடிவு எப்படி மோளே?”

“எனக்குப் பிடிக்கலை சேட்டா.”

“பிடிக்காட்டிப் போவுது. முடிவு என்ன?”

“அதான் சொல்றேனே, முடிவுதான் பிடிக்கலை. முதல் ஆறு வாரம் இருந்த ஒரு இது, கடைசியில இல்லை.”

“எது இல்லை?”

“அந்த இதுதான்.”

சங்கனாச்சேரிக் கல்லூரி விரிவுரையாளர் ஒருவரும் பார்த்திருக்கிறார். “கதவைத் தட்டினது யார்ங்கிறது ஒரு பிரச்சினையே இல்லை. நடுத்தர வர்க்கம் தன் கதவைத் தானே தட்டிக்கிற அவலம் இருக்கு பாருங்க, அதைச் சொல்ல வந்து, பாதியில காட்டிக் கொடுத்துட்டாங்க.” கதவுக்குப் பின்னால் யார் சார் என்று பைலி கேட்டதற்கு, “உங்க கேள்வியிலயே அந்த அவலம் இருக்கு” என்று சொல்லிவிட்டு அவர் புளிங்குன்றில் இறங்கிப் போய்விட்டார்.

நாலு மணிக்குப் பைலி வெறுங்கையோடு கட்டில் பக்கத்தில் நின்றான். வயிற்றில் கட்டோடு ஏலியாம்மா தலையைத் தூக்கி, “கதவைத் தட்டினது யாரு?” என்று கேட்டாள். கரண்ட் போச்சு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கள்ளுக்கடைக்குப் போன இரண்டு நாளும் அவன் சொன்னது ‘படகு பழுது’. இவள் நம்புவாளா? அவன் வாய் திறந்தது. முப்பது வருடம் உப்புக் காற்றில் தொழில் பார்த்தவன் வாய், அதற்குத் தெரிந்ததைச் சொன்னது.

“புரொபசர்தான். தாழ்ப்பா துருப்பிடிச்சுப் போச்சு. பாவம், உள்ளயே மாட்டிக்கிட்டாரு. சுபத்ரா மண்ணெண்ணெய் விட்டுத் திறந்தா. வெளிய வந்து ஒரு டீ கேட்டாரு.”

“பள்ளிக்கூடத்துல நின்ன பையன்?”

“அது வேற பையன்.”

ஏலியாம்மா தலையைத் தலையணையில் வைத்தாள். “பதிமூணு வாரம் உள்ள இருந்தாரே, என்ன சாப்பிட்டார்?”

பார்வை நேரம் முடிந்த மணி அடித்தது. ஆஸ்பத்திரி நிர்வாகம் ஒரு மனிதனுக்குச் செய்த நன்மை என்று நான் அறிந்தது அது ஒன்றுதான்.

அவள் வீட்டுக்கு வந்த பிறகு பக்கத்து வீடுகளில் கேட்டாள். அவளுக்கும் அபிப்பிராயம்தான் கிடைத்தது. எங்கள் வாசகசாலையில் தொடரைப் பற்றி ஒரு கருத்தரங்கம் நடந்தது. ஒன்பது பேர் மூன்று மணி நேரம் பேசினார்கள். பைலி எழுந்து, “அந்தக் கதவுக்குப் பின்னால யாருன்னு யாராவது ஒருத்தர் சொல்லிடுங்க, நான் போயிடறேன்” என்றான். தலைவர் கனிவோடு சிரித்தார். “சேட்டா, நாம கதையைத் தாண்டி ரொம்ப தூரம் வந்துட்டோம். திரும்பிப் போக முடியாது.” நிகழ்ச்சிக் குறிப்பில் பைலி மாற்றுக் கருத்து தெரிவித்தார் என்று எழுதிக்கொண்டார்கள்.

அன்று வீட்டில் ஏலியாம்மா அரிவாள்மணையில் நறுக்குவதை நிறுத்திவிட்டுச் சொல்லியிருக்கிறாள்: “டிவிக்காரன் கிட்டேர்ந்து எழுத்துல வாங்கிட்டு வாங்க. முத்திரையோட. எடத்துவாப் பெருநாளுக்கு நான் எப்படியும் அண்ணன் வீட்டுக்குப் போறேன். திரும்பி வர்றதா வேண்டாமான்னு அந்தக் காகிதத்தைப் பார்த்துட்டுச் சொல்றேன்.”

பெருநாளுக்கு ஏழு வாரம் இருந்தது. பைலி என்னிடம் வந்தான். நான் ஒரே வரியில் அஞ்சலட்டை அடித்தேன்: ‘ஐயா, கடைசிப் பாகத்தில் கதவைத் தட்டியது யார்?’

பத்தாம் நாள் அச்சடித்த அட்டை வந்தது. ‘அன்புள்ள நேயரே, தங்கள் மேலான அபிப்பிராயம் பதிவு செய்யப்பட்டது.’

மறுபடி எழுதினோம். மறுபடி பதிவு செய்தார்கள். மூன்றாவது தடவை பதிவுத் தபாலில் அனுப்பினேன். அதற்குத் தட்டச்சில் ஒரு கடிதமே வந்தது. மூன்று அபிப்பிராயங்களும் ஒன்றுக்கொன்று முரண்படாமல் இருப்பது அபூர்வமென்றும், பைலியை ‘நிலையான நேயர்’ என்று வகைப்படுத்தியிருப்பதாகவும், நேரில் வந்தால் நேயர் அபிப்பிராயப் பிரிவு பெருமை கொள்ளும் என்றும் எழுதியிருந்தது. அடியில் ஊதா முத்திரை. முத்திரையைப் பார்த்ததும் பைலி அதைத் தடவித் தடவிப் பார்த்தான்.

இருவரும் திருவனந்தபுரம் போனோம். அந்தப் பிரிவு நாலாவது மாடியில் இருந்தது. முதலில் குறுப்பு என்ற எழுத்தர். அவருக்குப் பின்னால் சுவர் நிறைய மரப்பொந்துகள், மூன்று வரிசையாக: பாராட்டு, குறை, யோசனை. பைலியின் மூன்று கடிதங்களும் மேசைமேல் தனியாகக் கிடந்தன.

“உங்களால ஒரு மாசமா என் மேசை சுத்தமாகலை சேட்டா. இது கேள்வி. கேள்விக்குப் பொந்து இல்லை.”

“ஒரு பதிலைச் சொல்லி அனுப்பிடுங்க சாரே, மேசை சுத்தமாயிடும்.”

“குறைன்னு மாத்திக்கலாமா? யாருன்னு சொல்லாம விட்டது குறைன்னு?”

“சொன்னாங்க சாரே. எங்களுக்குத்தான் கரண்ட் போச்சு.”

“அப்ப அது மின்சாரத்து மேல குறை. வேற கட்டிடம். பஸ் ஸ்டாண்டு தாண்டிப் போகணும்.”

எனக்குப் பொறுமை போயிற்று. “ஏன் குறுப்பு சார், நீங்க பார்த்திருப்பீங்களே, வாய்விட்டுச் சொன்னா என்ன?” என்றேன்.

குறுப்பு நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். “அண்ணாச்சி, மெதுவாப் பேசுங்க. விதி பதினாலு. அபிப்பிராயப் பிரிவு ஊழியர்கள் நிகழ்ச்சி எதையும் பார்க்கக் கூடாது. பார்த்தா நடுநிலைமை போயிடும். ஒன்பது வருஷமா சாயங்காலம் ஏழுலேர்ந்து ஒன்பது வரைக்கும் நான் வீட்டுக்கு வெளியில மாமரத்தடியில நிக்கிறேன். மழைக்காலத்துல குடையோட. மூணு தடவை ‘சிறந்த நடுநிலையாளர்’ விருது வாங்கியிருக்கேன்.”

“வீட்ல சம்சாரம் பார்ப்பாங்கல்ல? அவங்களைக் கேட்டுச் சொல்லுங்களேன்” என்றான் பைலி.

“கேட்கலாம். அவ அபிப்பிராயம்தான் சொல்லுவா.”

தொடரை எழுதியவரைப் பிடிக்கலாமா என்று விசாரித்தோம். கடைசிக் காட்சியைத் தன்னைக் கேட்காமல் மாற்றிவிட்டதாக அவர் வழக்குப் போட்டிருப்பதாகவும், தீர்ப்பு வரும்வரை அந்தக் காட்சியைப் பற்றி மனைவியிடம்கூடப் பேசுவதில்லை என்றும் குறுப்பு சொன்னார். சுபத்ராவாக நடித்த பெண் கல்யாணமாகி மஸ்கட் போய்விட்டாள்.

அடுத்தது உதவி இயக்குநர் வசுமதி தங்கச்சி. தங்கச்சி என்பது குடும்பப் பெயர். அந்த அம்மாள் பைலியை உட்கார வைத்து, டீ வரவழைத்து, பதினாலு பக்கப் படிவம் ஒன்றை நீட்டினாள். ஒன்பதாம் கட்டத்தில் பைலியின் விரல் நின்றுவிட்டது. ‘நேயர் தொடரை முழுமையாகப் பார்த்தவர் என்பதற்குச் சான்றாக, இறுதிக் காட்சியை விவரிக்கவும்.’

“அம்மா, அது தெரியாமத்தான் வந்திருக்கேன்.”

“அப்ப நீங்க பகுதி நேயர். பகுதி நேயருக்கு எங்ககிட்டத் தகவல் கேட்கிற உரிமை இல்லை.”

“தெரிஞ்சா நான் ஏம்மா கேட்கப் போறேன்?”

“யோசிச்சுப் பாருங்க சேட்டா. இது மர்மத் தொடர். தெரியாதவங்களுக்கு முடிவைச் சொன்னா மர்மத்தை வெளியிட்டதா ஆகும். எங்க மேல நடவடிக்கை வரும். தெரிஞ்சவங்களுக்குத்தான் சொல்லலாம். அவங்களுக்கு எத்தனை தடவை வேணும்னாலும் சொல்லலாம்.” அவள் இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. பைலி மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னாள்.

பைலி என்னைப் பார்த்தான். பெருநாளுக்கு இன்னும் ஒன்பது நாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். அவன் பேனாவை எடுத்து, ஒன்பதாம் கட்டத்தில் எழுத்துக்கூட்டி எழுதினான். புரொபசர். துரு. மண்ணெண்ணெய். டீ. தங்கச்சி படித்துப் பார்க்காமலே முத்திரை குத்தி, “பார்த்தீங்களா, தெரிஞ்சிருக்கு, கூச்சப்பட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க” என்றாள்.

படிவம் இயக்குநர் அறைக்குப் போனது. அரை மணியில் இயக்குநரே வெளியே வந்துவிட்டார். டாக்டர் நாராயணக் கைமள், வெள்ளை வேட்டி, சந்தனக் கீற்று, குரலில் மைக் இல்லாமலே எதிரொலி.

“யாரு இந்தத் துரு எழுதினது?”

பைலி எழுந்து நின்றான். மாட்டிக்கொண்டோம் என்றுதான் நானும் நினைத்தேன். கைமள் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“துருங்கிறது காலம் போடற கையெழுத்து! எத்தனை பேராசிரியர்கள் எழுதிக் கொடுத்திருக்காங்க, பெட்டி பெட்டியா. ஒருத்தருக்கும் துரு கண்ணுல படலை. கடைசியில அவர் டீ கேட்கிறாரே, அதுல மனுஷ குலத்தோட தாகம் முழுக்க இருக்கு. இந்த மனுஷருக்கு அந்த நாடாவைப் போட்டுக் காட்டுங்க. இவருக்கு இல்லாத உரிமை வேற யாருக்கு?”

பைலி கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைசியில் பார்க்கப் போகிறோம். எனக்கும் ஆசை பொறுக்கவில்லை, மறைப்பானேன்.

சின்ன அறை, ஒரு டிவி, ஆறு நாற்காலி. நாடா ஓடத் தொடங்கியதும் கைமளும் தங்கச்சியும் குறுப்பும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். விதி பதினாலு. பைலியும் நானும் மட்டும் திரையைப் பார்த்தோம். மலை. மூடுபனி. இரும்புக் கதவு. மூன்று தட்டு. சுபத்ரா தாழ்ப்பாளில் கை வைத்தாள். பைலி என் முழங்கையைப் பிடித்தான். தாழ்ப்பாள் அசைந்தது. கதவு ஒரு விரல் அகலம் திறந்தது. உள்ளேயிருந்து வெளிச்சம் வந்தது.

வெளிச்சத்தில் குத்துவிளக்கு தெரிந்தது. குத்துவிளக்குக்குப் பக்கத்தில் டாக்டர் நாராயணக் கைமள் பொன்னாடையோடு நின்றார்.

“நேயர்கள் இல்லாமல் தொலைக்காட்சி இல்லை,” என்றது திரையிலிருந்த கைமளின் குரல். “தொலைக்காட்சி இல்லாமல் நேயர்கள் இல்லை. ஆனால் இவை இரண்டும் இல்லாமலேகூட அபிப்பிராயம் இருக்க முடியும். அதுவே நம் பிரிவின் தத்துவம்!”

தன் குரலைக் கேட்டதும் சுவரைப் பார்த்திருந்த கைமள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். மற்ற இருவரும் திரும்பினார்கள். நேயர் அபிப்பிராய வாரத் தொடக்க விழா. புது நாடாவுக்கு ஒதுக்கீடு வராததால் கையில் கிடைத்ததன்மேல் பதிந்திருக்கிறார்கள். நாற்பது நிமிடம் ஓடியது. கைமள் தம் பேச்சைக் கேட்டுத் தாமே இரண்டு இடத்தில் தலையாட்டினார். பருப்புவடை வந்தது. பைலி வடையைக் கையில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தான், கைமள் உட்கார்ந்தால் பின்னாலே சுபத்ரா தெரிவாள் என்பது போல.

“ஆக, முடிவு அழிஞ்சு போச்சா?” என்று நான் கேட்டேன்.

“எப்படி அழியும் அண்ணாச்சி? ஒன்பதாம் கட்டத்துல இருக்கே!” என்றார் கைமள். “நேரில் பார்த்தவர் வாக்குமூலம். முத்திரையும் விழுந்தாச்சு. இனிமே இதுதான் ஆவணம்.”

பைலிக்கு அப்போதுதான் பேச்சு வந்தது. அவன் எழுந்து கை கூப்பினான். “சாரே, நான் பார்க்கலை. அது நான் சொன்ன பொய்.”

என் பைலி மூன்று பொய் சொன்னவன்தான். ஆனால் அன்று அத்தனை பேர் நடுவில் அவன் சொன்ன மாதிரி ஓர் உண்மையை அந்தக் கட்டிடத்தில் அதற்கு முன் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கைமள் அவன் தோளைத் தட்டினார். “பொய்ங்கிறது உங்க அபிப்பிராயம், சேட்டா. எழுதிக் கொடுங்க, அதையும் பதிவு பண்ணிடலாம்.”

குறுப்பு மரப்பொந்துகளைப் பார்த்து, “குறையிலயா போட, யோசனையிலயா?” என்று கேட்டார்.

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. முடிவு தெரிந்த ஒரே நேயர் என்பதால் பைலியை ஆலப்புழை மாவட்ட கௌரவ உறுப்பினராக நியமித்து, இறுதிக் காட்சிக்கு ஒரு சான்றிதழும், நேயர்களுக்கு அனுப்ப ஒரு கட்டு அச்சட்டையும் கொடுத்தார்கள். மாவட்டத்திலிருந்து வரும் கடிதங்கள் அவனுக்கு வரும், அவன் அட்டையில் கையெழுத்துப் போட்டுத் திருவனந்தபுரத்துக்கு அனுப்ப வேண்டும், அங்கிருந்து நேயருக்குப் போகும். வீட்டு விலாசம் கொடுக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. என் தட்டச்சு நிலைய விலாசத்தைக் கொடுத்தான்.

ஏலியாம்மா பெருநாளுக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பைலிக்குத் தனியாகப் போகப் பயம், என்னையும் இழுத்துக்கொண்டு போனான். வழியெல்லாம், “இன்னிக்கு உள்ளதை உள்ளபடி சொல்லிடறேன் அண்ணாச்சி” என்று சொல்லிக்கொண்டே வந்தான். உள்ளே நுழைந்ததும் அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் காகிதத்தைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கழகத்தின் சின்னம். ஊதா முத்திரை. ‘தொடரின் இறுதிக் காட்சி கீழ்க்கண்டவாறு என இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது.’ புரொபசர். துரு. மண்ணெண்ணெய். டீ.

இரண்டு தடவை படித்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“நான் பாவி. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு உங்களை என்னவெல்லாம் நினைச்சேன். நீங்க நிஜத்தைச் சொல்லியிருக்கீங்க, இச்சாயா. நான்தான் நம்பலை.”

“ஏலி, நான் என்ன சொல்றேன்னா...”

“ஒண்ணும் சொல்ல வேண்டாம். போதும்.”

அன்று அவள் வாத்துக்கறி வைத்தாள். பெருநாளுக்கு என்று வளர்த்த வாத்து. என்னையும் உட்கார வைத்து அப்பத்தின் மேல் அப்பமாகப் போட்டாள். நான் வெட்கமில்லாமல் சாப்பிட்டேன். பைலிக்கு ஒரு துண்டுகூட இறங்கவில்லை. அவள் காகிதத்தைத் திருஇருதயப் படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டினாள். பெருநாளுக்குப் போய் மறுநாளே திரும்பியும் வந்துவிட்டாள்.

பதினைந்து நாள் கழித்துத் திருவனந்தபுரத்திலிருந்து முதல் கட்டு வந்தது. எழுபத்தோரு கடிதம். நாற்பதாவதாகக் கிடந்த அஞ்சலட்டையைப் பார்த்ததும் பைலி தட்டச்சு மேசையைப் பிடித்துக்கொண்டான். எனக்கும் அந்தக் கையெழுத்து தெரியும்.

‘ஐயா, தங்கள் காகிதம் கிடைத்தது. முடிவு உண்மைதான் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதிமூன்று வாரம் அவர் என்ன சாப்பிட்டார்? இப்படிக்கு, ஏலியாம்மா பைலி.’

“இதைக் கிழிச்சுப் போட்டுடலாமா அண்ணாச்சி?”

“எண் போட்டிருக்கு. எழுபத்தொண்ணு வந்தா எழுபத்தொண்ணு போகணும்.”

“கையெழுத்தைக் கிறுக்கிடட்டுமா?”

“உன் கையெழுத்தே கிறுக்கல்தானே.”

அவன் படகு கிளம்ப அரை மணி தாமதமாயிற்று. பிறகு அச்சட்டையை எடுத்து, அச்செழுத்துக்கு அடியில் இருந்த கொஞ்ச இடத்தில் பொடிப்பொடியாக எழுதினான். ‘ஏலி, அது நான் சொன்ன பொய். அன்னிக்குக் கரண்ட் போச்சு. கள்ளுக்கடைக்குப் போகலை. மன்னிச்சிடு.’ கையெழுத்துப் போட்டான். “வாய்ல சொல்ல வரமாட்டேங்குது. இதுல போகட்டும்” என்றான். நானே தபாலில் சேர்த்தேன். அன்று அவன் படகோட்டிய நிதானத்தைப் பார்த்தால் யாரும் பொறாமைப்படுவார்கள்.

ஒரு வாரத்தில் குறுப்பிடமிருந்து கடிதம். அச்சிட்ட அட்டையில் கைப்பட எழுதுவது விதி இருபத்திரண்டை மீறியது. ஆனாலும் உறுப்பினர் புதியவர் என்பதால் பிரிவே பெருந்தன்மையோடு அந்த அட்டையை ரத்து செய்து, வேறு அட்டையில் அவருடைய கையெழுத்தை ரப்பர் முத்திரையாகச் செய்து பதித்து, நேயருக்கு அனுப்பிவிட்டது. இனிக் கவலை வேண்டாம்.

அதாவது ஏலியாம்மாவுக்குப் போன அட்டையில் இருந்தது இவ்வளவுதான்: தங்கள் மேலான அபிப்பிராயம் பதிவு செய்யப்பட்டது. கீழே, பி. பைலி, கௌரவ உறுப்பினர்.

“அவ என்ன சொன்னா?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் சொல்லலை. அட்டை எப்ப வந்துச்சுன்னுகூட எனக்குத் தெரியாது. காலையில பார்த்தா, திருஇருதயப் படத்துக்குக் கீழ ஆணி மட்டும் இருக்கு.”

அன்று மதியம் படகு துறையில் நின்றிருந்தது. பைலி சாப்பாட்டு நேரத்தில் வழக்கம்போல வாழையிலைப் பொதியோடு என் கடைக்கு வந்தான். நானும் என் பொட்டலத்தை எடுத்தேன். அவன் நூலைப் பிரித்தான். இலை. அதற்குள் ஓர் இலை. அதற்குள் இன்னும் ஒன்று, நெருப்பில் வாட்டிப் பதமாக மடித்தது. சோறு கட்டுகிற அதே அக்கறையோடு கட்டியிருந்தாள். கடைசி இலைக்குள் அந்த அட்டை இருந்தது. ‘அபிப்பிராயம்’ என்ற சொல்லை அடித்து, மேலே பென்சிலால் ஒரு சொல் எழுதியிருந்தாள்.

‘தங்கள் மேலான பசி பதிவு செய்யப்பட்டது.’

மூலையில் சின்னதாக: ‘வாரம் 1.’

பைலி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

“சம்பக்குளத்துக்குப் போகலை அண்ணாச்சி,” என்றான். “வாரம் ஒண்ணுன்னு போட்டிருக்கா, பார்த்தீங்களா? அப்ப இன்னும் பன்னிரண்டு வாரம் வீட்லதான் இருப்பா.”

சொல்லிவிட்டு என் பொட்டலத்தை எட்டிப் பார்த்தான்.